அளவறிந்து சொல்வோம்

உலக வாழ்வில் அளவு இல்லாத பொருள் என்று ஒன்றில்லை. உண்ணும் உணவுக்கும் அளவு உண்டு. உழைக்கும் உழைப்புக்கும் அளவு உண்டு. பெய்யும் மழைக்கும் காயும் வெயிலுக்கும் அளவு உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று சொல்லிவைத்தவர்களும் அவர்களே. குறை, நிறைவு, மிகை ஆகிய மூன்றையும் இவ்வாறு பிரித்தறிந்த மரபில் வந்த நம் பிள்ளைகள், ஆங்கிலம் எழுதப் புகும்பொழுது மட்டும் அம்மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றனர். இப்பிழை சிறிதுபோல் தோன்றினும் இதன் விளைவு சிறிதன்று என்பதே நமது கருத்து. மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் தோட்டப் பாட்டாளிப் பெருமக்களும் அறியும் பொருட்டு அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆங்கிலத்தில் மூன்று சின்னஞ்சிறு சொற்கள் உள்ளன. 'வெரி' என்பது மிகுதியைக் குறிக்கும். 'டூ' என்பது மிகையைக் குறிக்கும். 'இனஃப்' என்பது போதிய அளவைக் குறிக்கும். மிகுதி வேறு, மிகை வேறு. மிகுதி என்பது நிறைய இருத்தல்; மிகை என்பது வேண்டும் அளவைக் கடந்துவிடுதல். குளம் நிறைய நீர் இருப்பது மிகுதி. கரை உடையும்படி நீர் இருப்பது மிகை. இவ்வேறுபாட்டைச் சொல்லிக் கேட்டால் நம் மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்கின்றனர். ஆயினும் கட்டுரை ஏட்டைத் திறந்து பார்த்தால், 'மை மதர் இஸ் டூ குட்' என்று எழுதியிருக்கின்றனர். 'என் தாய் மிகவும் நல்லவர்' என்பதே பிள்ளையின் எண்ணம். ஆனால் அவ்வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலம் அறிந்தவரோ, 'இப்பிள்ளையின் தாய் அளவுக்கு மிஞ்சி நல்லவராக இருக்கிறாராம். அதனால் என்ன கேடு நேர்ந்ததோ?' என்று அடுத்த வாக்கியத்தை எதிர்நோக்குவார். புகழ நினைத்த பிள்ளை அறியாமலே குறை சொல்லிவிடுகின்றது.

இப்பிழை எங்கிருந்து வருகின்றது? நம் வீட்டுப் பேச்சிலிருந்தே வருகின்றது. 'சோறு ரொம்பச் சூடு' என்கிறோம். 'சட்டை ரொம்பப் பெரிசு' என்கிறோம். 'பாட்டி ரொம்ப நல்லவங்க' என்கிறோம். இம்மூன்று இடத்திலும் சொல் ஒன்றே, பொருள் ஒன்றன்று. சோறு சூடு என்பது ஊதி ஊதி உண்ணலாம் என்றும் பொருள்படும், இப்பொழுது வாயில் வைக்க இயலாது என்றும் பொருள்படும். சட்டை பெரிது என்பது பெரும்பாலும் குறை கூறுதலே. பாட்டி நல்லவர் என்பது புகழ்ச்சியே. எது எப்பொருள் என்பதைப் பேசுவோரின் முகத்தைக் கொண்டும் குரலைக் கொண்டும் நாம் அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலோ அவ்வேலையைச் சொல்லே செய்தல் வேண்டும். 'ரொம்ப' என்னும் ஒரே சாவியைக் கொண்டு 'வெரி', 'டூ' என்னும் இரண்டு பூட்டையும் திறக்க முயல்வதால்தான் பிள்ளைகள் இடர்ப்படுகின்றனர்.

தமிழில் இவ்வேறுபாடு இல்லை என்று எவரும் கருதிவிடலாகாது. தொல்காப்பியர் உரியியலில் உறு, தவ, நனி என்னும் மூன்று சொற்களும் மிகுதிப் பொருள் தருவன என்றார். நன்னூலார் சால, உறு, தவ, நனி, கூர், கழி என அவற்றை ஆறாக விரித்தார். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தின் 'வெரி' நிற்கும் இடத்தில் நிற்பவை. மிகையைச் சொல்லவோ, நம் மக்கள் பெரும்பாலும் அடைமொழியை நாடுவதில்லை, வினையையே நாடுகின்றனர். குழம்பில் உப்புக் கரிக்கிறது என்கிறோம். சோறு குழைந்துவிட்டது என்கிறோம். சட்டை தொளதொளக்கிறது என்கிறோம். இவை ஒவ்வொன்றிலும் அளவு கடந்த செய்தி வினைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே நம் மொழியில் மிகை உண்டு. அஃது இருக்கும் இடந்தான் வேறு. ஆங்கிலத்தில் அதற்கென ஒரு தனிச்சொல் இருக்கின்றது. அச்சொல்லே 'டூ'.

இனி, மிகுதியையும் மிகையையும் பிரித்தறியும் வழி யாது? நாம் மாணவர்களுக்குச் சொல்லிவரும் வழி ஒன்றுண்டு. 'எதற்கு?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 'வெரி ஹாட்' என்றால் மிகுந்த சூடு. எதற்கு என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. 'டூ ஹாட்' என்றால் உடனே அக்கேள்வி எழும். குடிப்பதற்கா? தொடுவதற்கா? வெளியில் விளையாடுவதற்கா? அவ்வாறே 'இனஃப்' என்றாலும், எதற்குப் போதும் என்ற கேள்வி எழும். மிகைக்கும் போதுமைக்கும் ஒரு நோக்கம் வேண்டும். அந்நோக்கம் வாக்கியத்தில் வெளிப்படையாக நிற்கலாம்; கேட்போர் உள்ளத்தில் மறைந்தும் நிற்கலாம். நோக்கமே இல்லையெனில் 'டூ' என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. பள்ளித் தோட்டம் மிக அழகாக இருக்கிறது என்றால், எதற்கு என்று கேட்பாரில்லை. எனவே அங்கே 'வெரி பியூட்டிஃபுல்' என்பதே பொருந்தும்.

நமது தோட்டத் தொழிலே இப்பாடத்திற்குச் சிறந்த கரும்பலகை. பால்மரத்தின் பட்டையில் பால் நாளங்கள் உட்பகுதியிலேயே நெருங்கி அமைந்துள்ளன. கத்தி மேலாகச் சென்றால் அவற்றை எட்டாது, பால் குறையும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்றுண்டு. பட்டையை மீண்டும் வளர்ப்பது அதுவே. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் ஏற்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் செவ்வனே வெட்ட இயலாது. ஆகவே அப்படலத்துக்கு முன்னால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுவதே கைதேர்ந்தவர் தொழில். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பார் 1890ஆம் ஆண்டுகளில் மரத்தைக் காயப்படுத்தாது பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்ததும் இவ்வளவறிவின் பயனே. வெட்டு பாலை எட்டினால் 'டீப் இனஃப்'. மரத்தைத் தொட்டால் 'டூ டீப்'. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நகக்கண் அளவும் இல்லை. ஆயினும் மரத்தின் வாழ்வு அங்கேதான் இருக்கின்றது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் சென்ற நம் தாய்மார்கள் ஆங்கிலம் அறியாதவர்களாக இருக்கலாம். 'இனஃப்' என்பதற்கும் 'டூ' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுடைய கைகள் அறிந்திருந்தன.

பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கின்றது. அங்கும் இதே பாடந்தான். குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்து தரையில் கிடப்பதைக் கண்டே, குலை வெட்டுவதற்குப் போதிய அளவு பழுத்துவிட்டது என்று அறிகின்றனர். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். காலந்தாழ்ந்து வெட்டினால் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடித் தரம் கெடும். முன்னது 'நாட் ரைப் இனஃப்'. பின்னது 'டூ ரைப்'. நடுவில் நிற்பது 'ரைப் இனஃப்'. தந்தையார் நாள்தோறும் தலை நிமிர்ந்து பார்த்து முடிவு செய்யும் ஒன்றையே, பிள்ளை ஏட்டில் எழுதக் கற்கின்றது. இவ்வாறு சொல்லிக்கொடுத்தால் பாடம் மனத்தில் பதியுமேயன்றி, விதியை மட்டும் மனப்பாடம் செய்வித்தால் பதியாது.

நிற்க. 'டூ' என்னும் சொல்லில் மற்றொரு நுட்பமும் உண்டு. 'த பாய் இஸ் டூ டயர்ட் டு வாக்' என்னும் வாக்கியத்தை நோக்குக. இதில் முன்னே வரும் 'டூ' நெடில்; பின்னே வரும் 'டு' குறில். நெடிலாக ஒலிப்பது மிகையைக் காட்டும். குறிலாக ஒலிப்பது வினையோடு சேர்ந்து நோக்கத்தைக் காட்டும். இவ்வாக்கியத்தின் பொருள், சிறுவன் நடக்க முடியாத அளவுக்குக் களைத்துவிட்டான் என்பது. தமிழில் 'முடியாத' என்று எதிர்மறை வெளிப்படையாக நிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'நாட்' என்னும் சொல் எங்கும் காணப்படவில்லை. அது 'டூ' என்பதற்குள்ளேயே ஒளிந்திருக்கின்றது. இதனை அறியாத மாணவர், தமிழில் உள்ள எதிர்மறையை ஆங்கிலத்திலும் தேடி, 'டூ டயர்ட் டு நாட் வாக்' என்று எழுதிவிடுகின்றனர். அஃது அவர்கள் கருதியதற்கு மாறான பொருளைத் தந்துவிடும். எதிர்மறையை வெளிப்படையாகச் சொல்ல விரும்பினால், 'ஸோ டயர்ட் தட் ஹி கேனாட் வாக்' என்று எழுதலாம். இரண்டும் ஒரே பொருளன. ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும் பயிற்சியை வாரந்தோறும் செய்துவந்தால், இப்பிழை தானே அகலும்.

'இனஃப்' என்பதிலோ இடம் அறிதல் வேண்டும். பெயர்ச்சொல்லாயின் அதற்கு முன்னே வரும்: 'இனஃப் ரைஸ்', 'இனஃப் மணி'. பண்பைக் குறிக்கும் சொல்லாயின் அதற்குப் பின்னே வரும்: 'பிக் இனஃப்', 'டால் இனஃப்'. நம் மாணவர்கள் 'இனஃப் பிக்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'போதிய உயரம்' என்று முன்னே சொல்கிறோம். தேசிய மொழியாகிய மலாயிலும் 'சுக்குப் பெசார்' என்று முன்னேதான் வருகின்றது. பிள்ளை அறிந்த இரு மொழிகளும் ஒரு பக்கம் இழுக்க, மூன்றாம் மொழி மறுபக்கம் நிற்கின்றது. ஆயினும் மலாய் மொழி மற்றோரிடத்தில் நமக்குப் பேருதவி செய்கின்றது. 'சங்காட்' என்பது மிகுதி. 'தெர்லாலு' என்பது மிகை. 'சுக்குப்' என்பது போதுமை. இம்மூன்றையும் பிழையின்றி எழுதும் மாணவருக்கு 'வெரி', 'டூ', 'இனஃப்' ஆகியவற்றின் பொருளைக் கற்பிப்பது எளிது. மும்மொழி கற்பது சுமை என்று வருந்துவோர், ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்பதையும் காண்பார்களாக.

மேலும், நம் 'போதும்' என்பது வினைமுற்று. சோறு போதும் என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. 'இனஃப்' அவ்வாறன்று, அதனோடு 'இஸ்' போன்ற துணை வேண்டும். 'மணி நாட் இனஃப்' என்று நம் நாட்டுத் தெருக்களில் கேட்கும் பேச்சில் அத்துணை விடுபட்டுப்போகின்றது. 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளிவந்த சீனத் திரைப்படமொன்று 'மணி நோ இனஃப்' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. நகைச்சுவைப் படத்துக்கு அப்பெயர் அழகே. விண்ணப்பக் கடிதத்துக்கு அஃது அழகன்று.

எண்ணக்கூடிய பொருளின் மிகைக்கு 'டூ மெனி' என்றும், எண்ண இயலாத பொருளின் மிகைக்கு 'டூ மச்' என்றும் வரும். கொசுக்கள் 'டூ மெனி'. மழை 'டூ மச்'. பண்புச் சொல்லின் முன் 'டூ' மட்டும் போதும். 'டூ மச் ஹாட்' என்பது பிழை. வாக்கியத்தின் இறுதியில் வரும் 'டூ' சில வேளைகளில் 'உம்' என்னும் பொருளும் தரும். 'நானும் வருவேன்' என்பதில் உள்ள 'உம்' போன்றது. அது வேறு, இது வேறு என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதுமானது.

'பொருள் விளங்கினால் போதாதா? இத்துணை நுணுக்கம் எதற்கு?' என்று கேட்போர் உளர். ஆங்கிலேயரே உதவி செய்தவரை நோக்கி 'யூ ஆர் டூ கைண்ட்' என்று சொல்வதில்லையா என்றும் வினவுவர். சொல்கின்றனர்தாம். அதன் உட்பொருள், 'என் தகுதிக்கு மேல் என்னிடம் அன்பு காட்டுகிறீர்கள்' என்பது. அங்கும் ஓர் அளவு இருக்கின்றது. அதைக் கடந்த செய்தியும் இருக்கின்றது. அளவை அறிந்தவர் பணிவுக்காக அதனை மீறிச் சொல்வது வேறு. அளவே அறியாமல் சொல்வது வேறு.

பொருள் விளங்கினால் போதும் என்போருக்கு நமது விடை இதுதான்: பொருள் விளங்காமற்போவதே இங்குள்ள இடர். அறிவிப்புப் பலகையில் 'வெரி லேட்' என்றிருந்தால், காலம் கடந்துகொண்டிருக்கிறது, விரைந்து செல் என்பது கருத்து. 'டூ லேட்' என்றிருந்தால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மருந்துப் புட்டியிலும் களைக்கொல்லிக் கலனிலும் எழுதியிருக்கும் அளவுச் சொற்களைப் பிழையாகப் படித்தால், இழப்பது மதிப்பெண் அன்று, உடல்நலம். படித்த பிள்ளை வீட்டில் இருந்தும் அச்சொல்லின் பொருளைப் பெற்றோருக்குச் சரியாக எடுத்துச் சொல்ல இயலவில்லையெனின் படிப்பின் பயன் யாது?

இன்னும் ஒன்று. நம் மக்கள் காலங்காலமாக மனு எழுதி வந்திருக்கின்றனர். தண்ணீருக்காக எழுதினர்; வீட்டுக்காக எழுதினர்; பாதைக்காக எழுதினர். அம்மனுக்களைப் பல குடும்பங்களில் பள்ளிப் பிள்ளைகளே எழுதிக் கொடுத்தனர். 'வாட்டர் இஸ் வெரி லெஸ்' என்று எழுதினால், இலக்கணப் பிழையோடு, நீர் குறைவு என்னும் செய்தி மட்டுமே செல்லும். படிப்பவர் தலையசைத்துவிட்டு வைத்துவிடலாம். 'தேர் இஸ் நாட் இனஃப் வாட்டர் ஃபார் தர்ட்டி ஹௌசஸ்' என்று எழுதினால், முப்பது வீடுகளுக்குப் போதிய நீர் இல்லை என்று அளவும் நோக்கமும் சேர்ந்து நிற்கின்றன. முன்னது முறையீடு, பின்னது கணக்கு. முறையீட்டுக்கு இரங்கலாம், இரங்காமலும் இருக்கலாம். கணக்குக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். வீடு 'வெரி ஸ்மால்' என்பது வருணனை. அறுவர் குடும்பத்துக்கு 'டூ ஸ்மால்' என்பது வழக்கு. நம் நாட்டில் தொழிலாளர் குடியிருப்புக்கும் அடிப்படை வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குறைந்தபட்சம் என்பதும் ஓர் அளவே. அளவு வைத்துச் சட்டம் பேசும் இடத்தில், அளவு வைத்தே நாமும் பேசக் கற்க வேண்டும்.

அளவு மாறினால் சொல்லும் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வாக்களிக்கும் வயது முன்னர் 21 ஆக இருந்தது. அதனை 18 ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதற்கு முதல் நாள் 19 வயது இளைஞர் வாக்களிக்க 'டூ யங்'. மறுநாள் அவரே 'ஓல்ட் இனஃப்'. ஓர் இரவில் அவர் வளர்ந்துவிடவில்லை, அளவுகோல் மாறியது. எனவே ஒருவர் நம்மை நோக்கிப் 'போதாது' என்று சொன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. எதற்குப் போதாது, யார் வகுத்த அளவுக்குப் போதாது என்று பணிவோடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தோட்டப்புறத்துப் பிள்ளை என்பதாலேயே 'நாட் குட் இனஃப்' என்று எவரேனும் கூறுவாராயின், எதற்கு என்னும் கேள்வியை அப்பிள்ளை துணிந்து கேட்க வேண்டும். அளவு நேர்மையானதாயின் அதனை எட்ட உழைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? ஆசிரியர்கள் சொற்பட்டியலில் 'டூ' என்பதற்கு எதிரே 'மிகவும்' என்று எழுதுவதை விட்டு, 'அளவுக்கு மிஞ்சிய' என்று எழுதுவார்களாக. தனிச்சொல்லாகக் கற்பியாமல், நோக்கத்தோடு சேர்த்து முழு வாக்கியமாகக் கற்பிப்பார்களாக. ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யூ.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. விடைக்காக விதியை மனப்பாடம் செய்விக்க வேண்டிய நெருக்கடி தளர்ந்துள்ள இக்காலமே பொருளுணர்த்திக் கற்பிக்க ஏற்ற காலம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதென்று ஒதுங்கிவிடாதீர்கள். இப்பாடத்தில் பாதி தமிழிலேயே இருக்கின்றது. பிள்ளை 'பை ரொம்பக் கனமா இருக்கும்மா' என்றால், 'கனமா இருக்கா, தூக்க முடியாத அளவுக்குக் கனமா?' என்று கேளுங்கள். காசு போதவில்லை என்றால், எதற்குப் போதவில்லை, எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். அக்கேள்விக்குத் தமிழில் விடை சொல்லப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் பிழையின்றிச் சொல்லும்.

மாணவர்களே, நாளொன்றுக்கு மூன்று வாக்கியம் எழுதுங்கள். கண்முன்னே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை 'வெரி' வைத்து ஒருமுறையும், 'டூ' வைத்து ஒருமுறையும், 'இனஃப்' வைத்து ஒருமுறையும் எழுதுங்கள். பின்னிரண்டிலும் எதற்கு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பள்ளியாண்டு முடிவதற்குள் இச்சொற்கள் உங்கள் கைவசமாகும்.

அளவைப் பற்றி எழுதப் புகுந்த நாம் அளவு மீறி எழுதுதல் தகாது. கூறியது போதும், இனிக் கூறின் மிகையாகும். நம் பிள்ளைகள் எம்மொழியில் பேசினும் அளவறிந்து பேசுக! வேண்டியதை வேண்டிய அளவில் கேட்டுப் பெறுக!